ஈரச் சாக்கும் கங்குச் சட்டியும்

சௌடம்மாளுக்கு அந்தக் காரைக் கண்ட நாளிலிருந்தே பயம். ஓடினால் எதிலாவது முட்டும் என்று பயம், நின்றால் தானாக உருண்டுவிடும் என்று பயம். பெட்ரோல் வாடை அடித்தால் போதும், வீடு பற்றிக்கொள்ளும் என்று எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிடுவாள். அவள் புருஷன் அப்பய்யா பாதி வெந்த சோற்றைத் தின்றுவிட்டு அருப்புக்கோட்டைத் தெருக்களில் ஜம்மென்று ஓட்டிக்கொண்டு போவார். தெருவே அவளைக் கேலி செய்தது. கேலி செய்தவர்களில் ஒருத்தருக்கும் அந்தக் காரில் ஏறி உட்காரும் தைரியம் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அது உலகச் சண்டை நடந்த காலம். நூலுக்குக் கன்ட்ரோல் வந்து, தறிகள் பாதி நாள் சும்மா கிடந்தன. அப்பய்யா வீட்டில் இரண்டு தறி. ஒன்றைப் பிரித்து மரங்களைச் சுவரோரம் சாத்திவிட்டு, மதுரையில் ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய காரை வாங்கி வந்தார். வாடகைக்கு ஓட்டலாம் என்று யோசனை. பெட்ரோலுக்கும் கூப்பன்தான் என்பது வாங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

தறிக்கூடத்தின் ஒரு பக்கச் சுவரை இடித்துக் காரை உள்ளே விட்டார். பிரித்த தறியின் குழி மட்டும் அப்படியே இருந்தது. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலை அந்தக் குழிக்குள் விட்டு மிதிபலகையை மிதிப்பார். இடுப்பளவு ஆழம் இருக்கும். காரின் மூக்கைக் குழிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினால், உள்ளே உட்கார்ந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கலாம் என்று அப்பய்யா கண்டுபிடித்தார். மதுரையில் பெரிய பெரிய ஒர்க்ஷாப்பிலும் இப்படித்தானாம். அந்தப் பெருமையை ஒரு வாரம் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் எதையும் சத்தமில்லாமல் செய்கிற ஆள் இல்லை. சிக்கு விழுந்த நூலில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால்கூட, "ஆங்! அப்படி வா வழிக்கு!" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கூவுவார்.

திருச்சுழியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு அவர்கள் திரும்பி வந்த நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆடி மாதம். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரைமேல் போகிற வண்டிப்பாதையில் புழுதி பறந்தது. முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது அடியில் எதுவோ கல்லில் நங்கென்று இடித்தது. பாதை வலப்பக்கம் வளைந்தது. அப்பய்யா ஸ்டியரிங்கை ஒடித்தார். அது வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். அப்போதும் வரவில்லை. கார் இடப்பக்கமாக, சௌடம்மாள் உட்கார்ந்திருந்த பக்கமாக, கரையின் விளிம்பைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்குள்ளும் தங்களுக்குள்ளும் அவர்கள் பேசுவது கன்னடம். அதையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

"திருப்புங்க! ஏங்க, திருப்புங்க!"

"திரும்ப மாட்டேங்குதுடி!"

அந்த வண்டியில் பிரேக் என்பது பேருக்குத்தான். விளிம்பில் ஒரு பனைமரம் நின்றதால் பிழைத்தார்கள். சௌடம்மாள் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். நேர் கீழே பாளம் பாளமாக வெடித்த கரிசல் கிடந்தது. தாலியைப் பிடித்த கையை வீடு வந்து சேரும்வரை அவள் எடுக்கவே இல்லை.

பரளச்சி ஊர்க் கரி வியாபாரி உக்கிரபாண்டி அந்த வழியாகக் கரி வண்டி பூட்டிக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் கரியில் ஓட ஆரம்பித்த பிறகு அவருக்கு ஓய்வே கிடையாது. ஆண்கள் இருவருமாக முன்சக்கரத்தைக் கல்லால் அடித்து ஓரளவு நேராக்கி, காரை மாட்டு வண்டியின் பின்னால் வடம் போட்டுக் கட்டினார்கள்.

"கரியில ஓடுற பஸ்ஸு பாத்துருக்கேன். காளையில ஓடுற காரு இப்பத்தேன் பாக்கேன், செட்டியாரே" என்றார் உக்கிரபாண்டி.

அப்பய்யா சிரித்தார். வீட்டில் காரை அவிழ்த்துவிட்டதும் ஒரு சாக்குக் கரியையும் இறக்கிப் போடச் சொன்னார். "எதுக்கும் கெடக்கட்டும்" என்றார். சௌடம்மாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அப்பய்யா குழிக்குள் இறங்கினார். இறங்குமுன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குழியின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தறி இல்லாவிட்டாலும் அது தறிக்குழிதானே. காரின் பின்சக்கரங்களுக்கு முட்டுக் கல் வைத்திருந்தது. முன்சக்கரங்கள் குழியின் தலைமாட்டில் ஆளுக்கு ஒரு பக்கமாக நின்றன. முன்பக்கமாகக் குனிந்து, உடம்பைக் குறுக்கி, வண்டிக்கு அடியில் நழுவித்தான் குழிக்குள் போக முடியும். அவர் உள்ளே உட்கார்ந்தால் அவர் தலைக்கு மேல் ஒரு சாண் தூரத்தில் வண்டி இருந்தது.

கோளாறு எதுவென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து கீழே ஒரு இரும்புக் கை தொங்குகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தக் கைதான் சக்கரத்தைத் தள்ளும், இழுக்கும். கல்லில் பட்டு அது வளைந்து சட்டத்தில் சிக்கியிருந்தது. கழற்றிக் கொடுத்தால் கொல்லன் காய்ச்சித் தட்டி நிமிர்த்திவிடுவான். ஆனால் அது கழன்றால்தானே? எத்தனை வருஷத்துத் துருவோ, பெட்டியிலிருந்து வரும் தண்டும் அந்தக் கையும் ஒரே இரும்பாக ஒட்டிக் கிடந்தன.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். அசையவில்லை. சந்துக்குள் இரும்பு ஆப்பு வைத்து அடித்தார். கையின் ஒரு பக்கம் ஒரு சுத்தியலை அண்டக் கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் அடித்தார். துரு உதிர்ந்து கண்ணில் விழுந்ததுதான் மிச்சம். நட்டை மட்டும் அவர் முழுதாகக் கழற்றவில்லை. கடைசிப் புரியில் நிறுத்தி வைத்திருந்தார். "படக்குன்னு கழண்டா மூஞ்சியப் பேத்துரும். நட்டு தாங்கிக்கிரும்" என்று சௌடம்மாளிடம் விளக்கினார். அவளுக்கு அந்த விளக்கத்தில் 'மூஞ்சியப் பேத்துரும்' மட்டும்தான் மனதில் நின்றது.

அவள் கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். சுத்தியல் சத்தம் நிற்கும்போதெல்லாம் குரல் கொடுத்தாள்.

"இருக்கீகளா?"

"இருக்கேன், இருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஏங்க, இருக்கீகளா?"

"எங்கடி போவேன்? இருக்கேன்!"

பத்துத் தடவைக்கு மேல் ஆன பிறகு அப்பய்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டிக்கு அடியிலிருந்து குழியே அதிரும்படிக் கத்தினார். "இந்தா பாரு. வாயத் தொறந்து பதில் சொல்ற நேரத்துல நாலு அடி அடிச்சுருவேன். சுத்தியச் சத்தம் கேட்டா நான் இருக்கேன்னு நெனச்சுக்க. சும்மா சும்மா கூப்புடாத!"

சரி என்று தலையாட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை.

உச்சிப் பொழுது ஆகும்போது அப்பய்யா குழியைவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்தார். இரும்புக் கையைக் காய்ச்சினால்தான் விடும் என்று முடிவு செய்திருந்தார். சூட்டில் இரும்பு விரியும், அந்த நேரம் பார்த்து அடித்தால் கழன்றுவிடும். கங்குச் சட்டியைக் குழிக்குள் நேராக அந்தக் கைக்கு அடியில் கல் அடுக்கி வைத்து, விசிறியால் விசிறப் போவதாகச் சொன்னார்.

சௌடம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "காருக்கு அடியில நெருப்பா?"

"ஐப்பசியில நாம வைக்கறதுதான? புதுசா என்ன?"

அவர் சொன்னது நிஜம். அடைமழை நாளில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி காயாது, இழை நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போதெல்லாம் தறிக்குழியில், காலுக்குப் பக்கத்தில், ஒரு சட்டி நிறையக் கங்கு வைப்பார்கள். அவருடைய அப்பா வைத்தார், தாத்தா வைத்தார். அந்தத் தெருவில் கங்குச் சட்டி இறங்காத குழியே கிடையாது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

"பெட்ரோல்?" என்றாள்.

"இருக்கறது ஒரு செம்புக்குக் காணாது. எறக்கித் தாரேன், எங்கயாச்சும் கொண்டுபோயி வையி."

இறக்கினார். சௌடம்மாள் அந்த டின்னை முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டு, பாம்பைக் கொண்டுபோகிறவள் மாதிரித் தெருக்கோடிவரை நடந்தாள். ஊர்க்கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள். வந்ததும் கூரையைப் பார்த்தாள். பனையோலைக் கூரை. ஆடிக் காற்று கூடத்துக்குள் புகுந்து சுழன்றுகொண்டிருந்தது. ஒரே ஒரு பொறி மேலே போனால் போதும்.

"சாக்கு கட்டணும். ஈரச் சாக்கு. சுத்திக் கட்டாம நான் விட மாட்டேன்."

அப்பய்யா யோசித்துப் பார்த்தார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. காற்று அடைபட்டால் சூடும் நிற்கும். ஆடியில் வறட்டுக் காற்று அடித்து இழை முறியும்போது சன்னலுக்கெல்லாம் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவதும் அவர்கள் வழக்கம்தான். அவர் மறுப்புச் சொல்லவில்லை. சௌடம்மாளே நாலைந்து சாக்குகளைத் தொட்டியில் முக்கி எடுத்து, காரின் மூக்கைச் சுற்றி, இரண்டு பக்கமும், ஒரு சந்து விடாமல் கட்டினாள். கீழே தொங்கிய ஓரங்களில் கல் வைத்தாள்.

ஐப்பசியில் கங்குச் சட்டி. ஆடியில் ஈரச் சாக்கு. இரண்டும் அந்தத் தெருவுக்குப் பழகிய காரியங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தவர்கள் அதுவரை யாரும் இல்லை. நெய்கிறவர் காலை மட்டும்தான் குழிக்குள் விடுவார், தலையை விட மாட்டார் என்பதும் அவர்கள் இருவருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

அப்பய்யா உள்ளே நழுவினார். சௌடம்மாள் கங்குச் சட்டியை நீட்டினாள். கருவேலங்கரி, நன்றாகக் கனிந்து ஒரு துளிப் புகை இல்லாமல் இருந்தது. புகை இல்லாததைப் பார்த்து அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. கடைசிச் சாக்கையும் இழுத்து மூடினாள்.

பழையபடி வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். விசிறிச் சத்தம் கேட்டது. பிறகு சுத்தியல் சத்தம். அண்டக் கொடுத்த சுத்தியலும் அடித்த சுத்தியலுமாக, டக்-டங், டக்-டங். இருபத்தைந்து வருஷம் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சமைத்தவள் அவள். எந்த இடத்தில் இழை அறுந்தது, எப்போது அவருக்குப் பசி வந்தது, எப்போது கண் சொருகியது, எல்லாமே அடிக்கிற அடியில் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"தல வலிக்குது. இந்தக் கிரீசு வாடை" என்று உள்ளேயிருந்து ஒரு தடவை சொன்னார்.

"வெளிய வாங்க."

"கழலப்போற நேரத்துல வெளிய வாங்கங்கற."

டக்-டங். டக்-டங். கூரையைப் பார்த்தாள். பொறி இல்லை. சாக்கைப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது. ஒரு புகை இல்லை, ஒரு தீ நாக்கு இல்லை. பெட்ரோல் தெருக்கோடியில். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. மரத்தில் சாய்ந்து காலை நீட்டினாள்.

டக்... டங். டக்... டக்.

தப்பாக விழுந்தது அந்த அடி. சௌடம்மாள் நிமிர்ந்தாள். அடுத்த அடிக்குக் காத்திருந்தாள். வந்தது, ஆனால் இரும்பில் விழாமல் மண்ணில் விழுந்த சத்தமாக இருந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. களைத்துப்போய் ஓய்ந்திருப்பார் என்று நினைத்தாள். கூப்பிட வாயைத் திறந்து, சும்மா சும்மா கூப்பிடாதே என்று அவர் கத்தியது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள். கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம். பாவி மனுஷி, திட்டுக்குப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அப்போது உள்ளே படாரென்று ஒரு சத்தம் கேட்டது. இரும்பு இரும்பின்மேல் விழுந்தது. சந்தேகமே இல்லை, ஆப்பு இறுக்கிக்கொண்டிருந்த கை சூட்டில் தானாகவே கழன்று நட்டின்மேல் விழுந்துவிட்டது.

சௌடம்மாள் அந்தக் கூவலுக்காகக் காத்திருந்தாள். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கக் கூவுகிற மனுஷன். நேற்றிலிருந்து உயிரை வாங்கிய இரும்பு கழன்றிருக்கிறது. அப்படி வா வழிக்கு என்று ஒரு சத்தம் வர வேண்டாமா?

வரவில்லை.

ஓடிப்போய்ச் சாக்கைப் பிய்த்து எறிந்தாள். உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. குழிக்குள் அப்பய்யா உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தார். தாடை நெஞ்சில் பதிந்திருந்தது. முகம் செக்கச்செவேலென்று, வெற்றிலை போட்டுத் தூங்குகிறவர் முகம் போல இருந்தது. பக்கத்தில் கங்குச் சட்டி அமைதியாகக் கனன்றுகொண்டிருந்தது.

"ஏங்க! ஏங்க, இருக்கீகளா?"

ஈரச் சாக்கையே கையில் சுற்றிக்கொண்டு சட்டியைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டாள். குப்புறப் படுத்து, இரண்டு கையையும் குழிக்குள் விட்டு அவர் அக்குளைப் பிடித்துத் தூக்கினாள். கல்லாகக் கனத்தார். தூக்கினாலும் தலை வண்டியில் இடித்தது. குறுக்கிக்கொண்டு நழுவி வருகிற ஆள்தான் அந்தச் சந்தில் வர முடியும். தன்நினைவு இல்லாத உடம்பை அதில் இழுக்க வழியில்லை. அவளுக்கே தலை சுற்றியது. வெளியே வந்து தெருவைப் பார்த்து அலறினாள்.

நூல் கொடுக்கிற நாள். ஆண்கள் எல்லோரும் டிப்போ வாசலில் வரிசையில் நின்றிருந்தார்கள். ஓடி வந்தது பக்கத்து வீட்டு ஓரகத்தி சுப்புலட்சுமியும், எதிர்வீட்டுச் சந்தனம்மாளும், இன்னும் இரண்டு மூன்று பெண்களும்தான்.

"காரப் பின்னால தள்ளிரலாம்டி, குழி தொறந்துரும்" என்று சுப்புலட்சுமி முட்டுக் கல்லை எடுக்கப் போனாள்.

"அக்கா, தொடாதீங்க!"

சௌடம்மாளுக்கு அப்போதுதான் அது விளங்கியது. கை கழன்றுவிட்டது. ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இனி ஒட்டுறவு இல்லை. முன்சக்கரங்கள் தலைமாட்டில் நிற்கின்றன. காரைப் பின்னால் தள்ளினால் அவை குழியின் இரண்டு ஓரத்தையும் ஒட்டித்தான் உருள வேண்டும். ஒரு சாண் கோணினால் போதும், சக்கரம் குழிக்குள் இறங்கும், அவர் தலையில் இறங்கும். நேற்றுக் கண்மாய்க் கரையில் அந்தச் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போனதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

இரண்டு நாளாக எதைத் தொடப் பயந்தாளோ அந்தச் சக்கரத்தின் முன்னால் மண்டி போட்டாள். டயரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, தோளை அதில் அண்டக் கொடுத்தாள்.

"சந்தனம்மா, அந்தப் பக்கச் சக்கரத்த நீ புடி. நேரா வச்சுக்க. அக்கா, இப்பக் கல்ல எடுத்துட்டு வந்து எல்லாரும் மூக்குல கைய வச்சுத் தள்ளுங்க. மெதுவா. நான் நில்லுன்னா நின்னுரணும்."

தள்ளினார்கள். கார் முனகியது. சக்கரம் உருண்டபோது அவள் கைக்குள்ளேயே திமிறி, உள்பக்கமாக, குழியைப் பார்த்து ஒடிந்தது.

"நில்லு!"

குழியின் ஓரத்து மண் பொலபொலவென்று உதிர்ந்து அப்பய்யாவின் தோளில் விழுந்தது. அவர் அசையவில்லை. சௌடம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தைத் தோளால் நெம்பினாள். முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது. அவளுக்குக் குலசாமி சௌடேஸ்வரி பேர்கூட வாயில் வரவில்லை. இருக்கீகளா, இருக்கீகளா என்று அதையே குழியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். சக்கரம் நேரானது.

"தள்ளுங்க!"

மண்டியாலேயே நகர்ந்தாள். குழியின் ஓரம் முழுக்கச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டே நகர்ந்தாள். மூன்று தடவை நிறுத்தி, மூன்று தடவை நெம்பி, கடைசியில் சக்கரங்கள் குழியைத் தாண்டியதும் தலைமாட்டில் வெளிச்சம் விழுந்தது. எல்லோருமாக அவரை மேலே இழுத்தார்கள். வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய், அவள் காலையிலிருந்து சபித்துக்கொண்டிருந்த ஆடிக் காற்றில் கிடத்தினார்கள்.

மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்ததா இல்லையா, அடிக்கிற காற்றில் அவளுக்குத் தெரியவில்லை. சந்தனம்மாள் நெஞ்சைத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்தார்.

"ஏங்க!"

அவர் அவளைப் பார்த்தார். பார்த்தாரே தவிர, யாரென்று தெரிந்து பார்த்ததாக இல்லை. கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.

சுப்புலட்சுமி டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் நாடி பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார், வெளியே கிடந்த சட்டியையும் சாக்குகளையும் பார்த்தார்.

"கரி நெருப்ப அடச்ச எடத்துல வச்சு ஊதியிருக்காரு. அந்த நஞ்சு தலைக்கு ஏறிருச்சு" என்றார்.

"பொகையே இல்லைங்களே, ஒரு பொட்டுப் பொகை இல்லை!" என்றாள் சௌடம்மாள்.

"கண்ணுக்குத் தெரிஞ்சா மனுசன் எந்திரிச்சு ஓடிருவானே, அம்மா. சாக்க யாரு இவ்வளவு நெருக்கமாக் கட்டுனது?"

பெண்கள் சௌடம்மாளைப் பார்த்தார்கள். பிறகு அவளே சொன்னாள். "நான்தான். தீப்புடிச்சுருமோன்னு பயந்து."

டாக்டர் இன்னொரு தடவை நாடி பார்த்தார். உயிருக்குப் பயமில்லை என்றார். மூளை தெளிந்து பேச்சு வருமா என்பதைப் பொழுது சாய்ந்தால்தான் சொல்ல முடியும் என்றார். சிலருக்குத் தெளியும், சிலர் கடைசிவரை பேந்தப் பேந்த விழித்துக்கொண்டே இருந்துவிடுவார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பேச்சுக் கொடுத்தாள். மகள் பேரைச் சொன்னாள். திருச்சுழி என்றாள். கை கழன்றுவிட்டது, கொல்லனிடம் கொடுக்கலாம் என்றாள். நூல் வந்திருக்கிறது என்று பொய்கூடச் சொன்னாள். அவர் வேப்பங்கிளையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். உதட்டோரத்தில் எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டாள். ஆண்கள் டிப்போவிலிருந்து திரும்பி, தகவல் கேட்டு வந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தர் காரை ஓரமாக நிறுத்தச் சாவியைக் கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் நகர்ந்துவிட்டார்.

ஒவ்வொருத்தராகக் கலைந்து போனார்கள். சுப்புலட்சுமி கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வெயில் கூரைக்குமேல் ஏறி மஞ்சளாகிவிட்டது. சௌடம்மாளுக்குத் தொண்டை கட்டிக் குரல் போய்விட்டிருந்தது. சொல்வதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. பொழுது சாய்ந்தால் தெரியும் என்று டாக்டர் சொன்னாரே, அந்தப் பொழுது சாயாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காயம்பட்ட முழங்காலை மடக்க முடியவில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இனிமேல் கேட்பதில்லை என்று தீர்மானித்தாள். கேட்டுப் பதில் வராவிட்டால் அதைத் தாங்க அவளிடம் தெம்பு இல்லை.

அவள் வாயை மூடியதும் வாசல் முழுக்க அமைதியாகிவிட்டது. காற்றும் நின்றுபோயிருந்தது.

அந்த அமைதியில் அப்பய்யா புருவத்தைச் சுளித்தார். ஏதோ ஒரு சத்தத்தைத் தேடுகிறவர் மாதிரித் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். நாக்கு குழறியது. முதலில் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம், அலுத்துப்போன குரலில், காலையில் வண்டிக்கு அடியிலிருந்து கேட்ட அதே எரிச்சலோடு சொன்னார்:

"இருக்கேன்டி... இருக்கேன். எத்தன தடவதான் கேப்ப?"

சௌடம்மாள் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். அடித்த கையாலேயே அவர் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கட்டிப்போன தொண்டையால் இன்னொரு தடவை கேட்டாள்.

"இருக்கீகளா?"